உயிர் ஓர் அடுக்கு, மெய் ஓர் அடுக்கு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "பொறியியலும் அன்றாட வாழ்க்கையும்". தலைப்பு பெரிது. நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சின்னது. உங்கள் மேசை மேல் இருக்கிற கீபோர்டு. இதைச் செயலாளர் அண்ணனிடம் சொன்னபோது "வாசிக்கப் போறியா தம்பி?" என்று கேட்டார். வாசிக்கிற கீபோர்டு இல்லை, டைப் அடிக்கிற கீபோர்டு. அதை நம் கைக்கு ஏற்றபடி எப்படி மாற்றிக்கொள்வது, ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு.

2011-ல் இந்தக் கல்லூரியின் மின்னணுத் துறையிலிருந்து வெளியே போனவன் நான். கருவிகளுக்குள் இருக்கும் சின்னச் சின்னச் சில்லுகளுக்கு நிரல் எழுதுவது என் தொழில். அதனால் கீபோர்டைப் பார்த்தால் எனக்கு அதன் மேலே இருக்கிற எழுத்து தெரியாது, உள்ளே ஓடுகிற வேலைதான் தெரியும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். செருப்பு வாங்கினால் அளவு பார்க்கிறோம். பைக் எடுத்தால் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொள்கிறோம். சட்டைக்குத் தையல்காரரிடம் தோள் அளவு, கை அளவு கொடுக்கிறோம். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் விரல் வைக்கிற பலகையை மட்டும் கடையில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே வைத்துக்கொள்கிறோம். "அது அப்படித்தான் வரும்" என்று நினைத்துவிட்டோம். அது அப்படித்தான் வர வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் இல்லை.

எண்தான் போகிறது

கீபோர்டில் 'ஏ' என்ற விசையை அழுத்தினால் 'ஏ' என்ற எழுத்து கம்ப்யூட்டருக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். போவதில்லை. உள்ளே வரிசையும் நிரலுமாகக் கம்பிகள் ஓடுகின்றன. ஒரு சின்னச் சில்லு ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுப் பார்த்து, எந்தச் சந்திப்பில் இணைப்பு விழுந்திருக்கிறது என்று ஒரு நொடிக்குள் பல நூறு முறை கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது. இணைப்பு விழுந்ததும் அது ஓர் எண்ணை அனுப்புகிறது. யூஎஸ்பி விதிப்படி 'ஏ' விசைக்கு எண் 4. 'இசட்' விசைக்கு 29. என்டருக்கு 40. இடைவெளிக் கட்டைக்கு 44. அவ்வளவுதான். அந்த எண் 4 ஆங்கில 'ஏ'யா, தமிழ் 'அ'வா, பிரெஞ்சுக்காரரின் 'கியூ'வா என்று முடிவு செய்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இன்னொரு அட்டவணை.

ஆக, நாம் கை வைக்க இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, கீபோர்டுக்குள் இருக்கும் சில்லு. எந்தச் சந்திப்புக்கு எந்த எண் என்பதை அங்கே மாற்றலாம். இன்னொன்று, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அட்டவணை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அங்கே மாற்றலாம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஷிப்ட் என்ற பழைய நண்பன்

'அடுக்கு' என்ற சொல்லை இன்று பல தடவை சொல்லப் போகிறேன். புதுச் சங்கதி என்று பயப்பட வேண்டாம். நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓர் அடுக்கைப் பயன்படுத்துகிறீர்கள். அதன் பெயர் ஷிப்ட்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து உருவாக்கிய தட்டச்சுப் பொறியை, துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் 1874-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்க முடியும். 1878-ல் வந்த ரெமிங்டன் இரண்டாம் எண் மெஷினில்தான் ஷிப்ட் விசை வந்தது. ஒவ்வோர் அச்சுக் கம்பியிலும் இரண்டு எழுத்தைப் பொறித்து, காகிதம் சுற்றிய வண்டியை இடம் பெயர்த்து, பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ விழும்படி செய்தார்கள். 'ஷிப்ட்' என்ற பெயர் வந்ததே அந்த இடப்பெயர்ச்சியால்தான். விசைகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் எழுத்துகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். அடுக்கு என்பது இதுதான். ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் மற்ற விசைகளுக்கெல்லாம் வேறு பொருள்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் பலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள். 'யளனகபக' என்று சொன்னாலே உங்கள் விரல்கள் தானாக ஆடும். அந்தத் தமிழ் மெஷினிலும் இதே கெட்டிக்காரத்தனம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, 247 எழுத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அவர் கண்ட வழிகளில் ஒன்று 'நகரா விசை'. அதை அடித்தால் குறி விழும், வண்டி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பிறகு அடிக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். இன்றைய நிரல்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பல சங்கதி அந்த இரும்பு மெஷினுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

வேகம் என்ற ஆசை

விசைப்பலகையை மாற்றுவது என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வேகம் கூடுமா சார்?" என்பதுதான். இதற்கு ஒரு பழைய வழக்கே இருக்கிறது.

நாம் பயன்படுத்தும் ஆங்கில வரிசைக்கு, மேல்வரிசையின் முதல் ஆறு எழுத்தைக் கொண்டு 'குவெர்ட்டி' என்று பெயர். இதில் ஆங்கிலம் அடிக்கும்போது விரல்கள் ஓய்வாக இருக்கும் நடுவரிசையில் விழும் அடி சுமார் 32 சதவீதம்தான். மிச்சமெல்லாம் மேலே எட்டியோ கீழே இறங்கியோ அடிப்பது. சியாட்டில் நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆகஸ்ட் துவோராக், வில்லியம் டீலி இருவரும் 1936-ல் வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றார்கள். உயிரெழுத்தெல்லாம் இடது நடுவரிசையில். அடிக்கடி வரும் மெய்யெழுத்தெல்லாம் வலது நடுவரிசையில். நடுவரிசையில் விழும் அடி சுமார் 70 சதவீதம் ஆயிற்று.

கணக்கில் இவ்வளவு நல்லது, நடப்பில்? 1956-ல் அமெரிக்க அரசுக்காக எர்ல் ஸ்ட்ராங் என்பவர் நடத்திய சோதனையில், பழகிய தட்டச்சர்களை மாற்றிப் பயிற்றுவதில் ஆதாயம் இல்லை என்று முடிவாயிற்று. 1985-ல் பால் டேவிட் என்ற பொருளாதார அறிஞர், ஒரு தடவை நிலைத்துவிட்ட தரம் நல்லதோ கெட்டதோ நகராது என்பதற்குக் குவெர்ட்டியை உதாரணமாக எழுதினார். 1990-ல் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற இருவர் "அப்படியெல்லாம் நிரூபணம் இல்லை" என்று மறுத்து எழுதினார்கள். அந்த விவாதம் முடிந்தபாடில்லை.

என் கருத்தைக் கேட்டால், வேகத்துக்காக மாற்றாதீர்கள் என்பேன். நாம் யோசிக்கிற வேகம்தான் நமக்குத் தடை, விரல் இல்லை. மாற்றுவதற்கு வேறு நல்ல காரணம் உண்டு. விரல் ஓடும் தூரம் குறையும். சுண்டுவிரலும் மணிக்கட்டும் படும் பாடு குறையும். மவுஸுக்கும் அம்புக்குறி விசைக்கும் கையைத் தூக்கித் தூக்கிப் போவது குறையும். இருபத்திரண்டு வயதில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது தம்பி. முப்பத்தைந்தில் தெரியும்.

அடுக்கு எப்படி வேலை செய்கிறது

சாதாரண முழுக் கீபோர்டில் 104 விசை. நம் பத்து விரல் நகராமல் எட்டக்கூடியது முப்பது, நாற்பது. 'கார்ன்' என்று இரண்டு துண்டாக வரும் ஒரு சின்னப் பலகையில் மொத்தமே 42 விசைதான். எண் வரிசை கிடையாது, அம்புக்குறி கிடையாது. "அப்புறம் எப்படி சார் நம்பர் அடிப்பீங்க?" என்று ஆபீஸ் பிள்ளைகள் கேட்பார்கள். கட்டைவிரலால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால், வலக்கைக்குக் கீழே இருக்கும் எழுத்தெல்லாம் எண் பலகை ஆகிவிடும். இன்னொன்றைப் பிடித்தால் 'எச், ஜே, கே, எல்' நான்கும் அம்புக்குறி ஆகிவிடும். இந்த நான்கு எழுத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1976-ல் வந்த ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தில் அம்புக்குறிகள் இந்த நான்கு விசை மேல்தான் அச்சிட்டிருந்தன. அதில் உட்கார்ந்து 'வி' என்ற எடிட்டரை எழுதிய பில் ஜாய் அதையே வைத்துக்கொண்டார். லினக்ஸ் லேபில் நீங்கள் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

இதைச் செய்ய 'கியூஎம்கே' என்று ஒரு திறந்த மூல நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. 32 கிலோபைட் நினைவகம் உள்ள ஒரு சின்னச் சில்லு போதும். அதில் ஒரு விசைக்கு இரண்டு வேலை கொடுக்கலாம். தட்டினால் ஒன்று, பிடித்தால் ஒன்று. தட்டுவதா பிடிப்பதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? நேரத்தை வைத்துத்தான். வழக்கமாக 200 மில்லி நொடி. அதற்குள் விட்டுவிட்டால் தட்டல். தாண்டினால் பிடிப்பு.

கேட்க எளிது. இந்த 200 என்ற எண்ணோடு நானும் என் நண்பர் ஒருவரும் நடத்திய போராட்டத்தைச் சொன்னால்தான் இந்தப் பேச்சு முழுமையாகும்.

ஒரு கை

அந்த நண்பர் நம் பேட்ச்தான். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொல்ல அனுமதி கொடுத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் பைக் விபத்தில் அவருக்குத் தோளிலிருந்து வலக்கைக்குப் போகும் நரம்புக் கற்றை அறுந்துபோயிற்று. இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. கை இருக்கிறது, விரல் அசையவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது என்று வீட்டில் சொன்னார்கள். அவருக்கு அது போதவில்லை. "நிரல் எழுதறவன்டா நான். ஒத்தைக் கையில எத்தனை நாள் தேடித் தேடி அடிப்பேன்?" என்றார்.

பேசினால் எழுதிக்கொள்ளும் மென்பொருள் இருக்கிறது. கடிதத்துக்கு அது சரி. நிரலுக்கு ஒவ்வொரு அடைப்புக்குறியையும் வாயால் சொல்லிப் பாருங்கள், தெரியும். ஒரு கைக்கென்று தனி விசைப்பலகைகளும் உண்டு. ஆனால் அவற்றில் எல்லாவற்றையும் அ, ஆ-விலிருந்து புதிதாகப் பழக வேண்டும்.

அப்போதுதான் ஒரு பழைய ஆய்வு கண்ணில் பட்டது. எட்கர் மத்தியாஸ், ஸ்காட் மெக்கென்சி, வில்லியம் பக்ஸ்டன் என்ற மூவர் 1993-ல் வெளியிட்டது. 'பாதிக் குவெர்ட்டி' என்று அதற்குப் பெயர். யோசனை மிக எளிது. நம் இரண்டு கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். வலது ஆள்காட்டி விரல் செய்யும் அசைவை இடது ஆள்காட்டி விரலும் செய்யும், திசை மட்டும் மாறும். எனவே இடைவெளிக் கட்டையைப் பிடித்துக்கொண்டால் பலகையின் வலது பாதி, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, இடது பாதியின் மேல் வந்து உட்காரட்டும். 'எஃப்' அழுத்தினால் 'ஜே'. 'டி' அழுத்தினால் 'கே'. 'எஸ்' அழுத்தினால் 'எல்'. கட்டையைச் சும்மா தட்டினால் வழக்கம்போல் இடைவெளி.

இரு கையாலும் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர்களை வைத்து அவர்கள் சோதித்தார்கள். 3, 4 மணி நேரப் பயிற்சியில் தேடித் தேடி அடிக்கும் வேகத்தைத் தாண்டிவிட்டார்கள். சுமார் 8 மணி நேரத்தில் தங்கள் இரு கை வேகத்தில் பாதியை எட்டினார்கள். 10 மணி நேரத்தில் ஒவ்வொருவரும் 41 முதல் 73 சதவீதம் வரை. பழைய பழக்கம் வீணாகவில்லை. மூளை அதைக் கண்ணாடியில் திருப்பிப் படித்துக்கொள்கிறது.

நண்பர் கல்லூரி விடுமுறையில் ஆங்கில ஹையர் பாஸ் செய்தவர். "அந்த ஹையர் வீணாப் போகாது போலிருக்கே" என்றார். அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஆபீஸ் லேப்டாப்பில் எந்த மென்பொருளும் நிறுவ அனுமதி இல்லை. முன்னே சொன்ன இரண்டு இடத்தில் ஓர் இடம் அடைபட்டுவிட்டது. அதனால் கீபோர்டின் சில்லுக்குள்ளேயே வேலையை வைத்தோம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது வெறும் சாதாரணக் கீபோர்டு. எண்கள் வருகின்றன, அவ்வளவே. 1-லிருந்து 5 வரை அப்படியே. கட்டையைப் பிடித்தால் அவையே 0, 9, 8, 7, 6. வலப்பக்கம் இருந்த அழிப்பு விசையை இடது ஆல்ட்டுக்கும், என்டரை இடது கன்ட்ரோலுக்கும் கொண்டுவந்தோம், தட்டினால் மட்டும். ஷிப்ட்டைத் தட்டினால் அடுத்த ஓர் எழுத்துக்கு மட்டும் அது ஒட்டிக்கொள்ளும்.

இப்போது அந்த 200. நண்பர் கொஞ்சம் வேகம் எடுத்ததும் தகராறு ஆரம்பித்தது. 200-ல் வைத்தால், கட்டையைப் பிடித்து அவர் எழுத்தை அடித்து விட்டுவிடுவதற்குள் சில்லு அதைத் தட்டல் என்று எண்ணிக்கொள்கிறது. 'ஜே' கேட்டால் 'எஃப்' வருகிறது, கூடவே ஓர் இடைவெளியும் வருகிறது. சரி என்று 130-க்குக் குறைத்தால், சாவகாசமாக இடைவெளி தட்டும்போதெல்லாம் அதைப் பிடிப்பு என்று எண்ணிக்கொள்கிறது. இரண்டு சொல் ஒட்டிக்கொள்கிறது. கூட்டினால் ஒரு கஷ்டம், குறைத்தால் ஒரு கஷ்டம். ஒரு வாரம் எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

தீர்வு எண்ணில் இல்லை, வரிசையில் இருந்தது. இடைவெளி தட்டுகிறவர் கட்டையை விட்ட பிறகுதான் அடுத்த விசையை விடுவார். அடுக்குக்காகப் பிடிக்கிறவர், கட்டை கீழே இருக்கும்போதே இன்னொரு விசையை அழுத்தி, விட்டும்விடுவார். ஆகவே நேரம் எதுவானாலும், இடையில் இன்னொரு விசை முழுவதும் அழுத்தி விடப்பட்டால் அது பிடிப்புதான் என்று விதி வைத்தோம். கியூஎம்கேயில் இதற்கு ஒரு வரி அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போட்டதும் தகராறு பெருமளவு அடங்கியது. மனிதன் எதை நினைத்து அழுத்துகிறான் என்பதைக் கடிகாரத்தை விட, விரல் போகும் வரிசை நன்றாகச் சொல்கிறது. பத்து ஆண்டுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு இது நல்ல பாடமாக இருந்தது.

மூன்றாம் வாரம் நண்பர் வேலைக்குத் திரும்பினார். பழைய வேகம் இல்லை. ஆனால் வேலையை அவர்தான் செய்கிறார், யாரும் செய்து கொடுப்பதில்லை.

உயிரும் மெய்யும்

ஒரு நாள் ராத்திரி போன் செய்தார். "டேய், இங்கிலீஷ் சரி. அம்மாவுக்குத் தமிழ்ல எழுதணும். இதுல வருமா?" என்றார். அவர் அம்மா ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ரோமன் எழுத்தில் தமிழ் எழுதி அனுப்பினால் படிக்கவே மாட்டார்கள்.

வரும். ஏன் வரும் என்று யோசித்தபோதுதான் எனக்கே வியப்பாக இருந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது 'தமிழ்99' விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசை. ஷிப்ட் தேவையில்லை. உயிர் பன்னிரண்டும் இடக்கையில். புள்ளியும் இடக்கையில், ஆள்காட்டி விரல் உட்காரும் 'எஃப்' விசையில். வ, ங இரண்டு தவிர மெய்யெல்லாம் வலக்கையில். அடிக்கடி வரும் க, ப, ம, த, ந ஐந்தும் வலது நடுவரிசையில் அடுத்தடுத்து.

இந்தப் பலகையின் மேல் நம் கண்ணாடி அடுக்கைப் போட்டால் என்ன ஆகும்? கையைச் சும்மா வைத்தால் உயிர். கட்டையைப் பிடித்தால் மெய். நம் இலக்கணம் பிரித்து வைத்த பிரிவும் கட்டைவிரல் பிரிக்கும் பிரிவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. 'எஸ்' விசை சும்மா அழுத்தினால் 'இ'. பிடித்து அழுத்தினால் 'த'. 'டி' விசை சும்மா இருந்தால் 'உ', பிடித்தால் 'ம'. 'ஏ' விசை 'அ', பிடித்தால் 'ந'.

தமிழ்99-க்குள் இன்னொரு சௌகரியம் உண்டு. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்து சேர்ந்து வந்தாலும் புள்ளி தானாக வரும். வேண்டாத இடத்தில் நடுவே ஓர் 'அ' தட்டினால் போதும். 'நகக்கண்' என்று அடிக்க வேண்டுமானால் ந, க, அ, பிறகு க, க. நம் மொழியில் எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேரும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை இது. விசை அடியைக் குறைத்தது மின்னணுவியல் இல்லை, இலக்கணம்.

'அம்மா' என்ற சொல்லுக்கு நான்கே அடி. 'ஏ' விசையில் அ. கட்டையைப் பிடித்து 'டி' விசையை இரண்டு தடவை, ம்ம. கட்டையை விட்டு 'கியூ' விசையில் ஆ. அம்மா. ரோமன் எழுத்து வழியாக அடித்தால் இரண்டு கை இருப்பவருக்கும் ஐந்து அடி.

நம் கீபோர்டின் சில்லுக்குத் தமிழ் தெரியாது. அது எண்ணை மட்டும் அனுப்புகிறது. அதைத் தமிழாக்குவது கம்ப்யூட்டரில் இருக்கும் தமிழ்99 அட்டவணை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இருக்கிறது. அதனால் தமிழுக்கென்று சில்லில் ஒரு வரிகூட நான் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை. வலது ஓரத்தில் இருக்கும் ய, ச, ஞ மூன்றுக்கு மட்டும் கேப்ஸ் லாக், டேப், அதற்கு மேலே உள்ள மூலை விசை என்று இடம் கொடுத்தோம்.

அந்த அம்மா பதில் எழுதினார்கள். மகன் கடிதத்தில் இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்ததாம். திருத்தி அனுப்பினார்கள். நண்பர் அதை எனக்கும் அனுப்பி, "மார்க் குறைச்சுட்டாங்கடா" என்றார்.

நீங்கள் செய்யக்கூடியது

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நாலு வார்த்தை.

முதலில், காசு செலவழிக்காதீர்கள். இருக்கிற லேப்டாப்பிலேயே ஆரம்பியுங்கள். இடது நடுவரிசையில் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாகவோ அழிப்பு விசையாகவோ மாற்றுங்கள். கன்ட்ரோலாக மாற்றுவதை மேக்கிலும் லினக்ஸிலும் அமைப்புகளிலேயே செய்யலாம். விண்டோஸுக்குப் பவர்டாய்ஸ் என்று மைக்ரோசாப்ட் இலவசமாகவே தருகிறது. அடுக்கு வேண்டுமென்றால் 'கனாட்டா', 'கேமொனாட்' போன்ற இலவச நிரல்கள் சாதாரணக் கீபோர்டிலேயே அதைச் செய்யும்.

இரண்டாவது, ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம். பத்தை ஒரே நாளில் மாற்றினால் மறுநாள் பரீட்சைப் பதிவுகூட அடிக்க முடியாது. எழுத்து வரிசையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அடுக்கு மட்டும் போட்டுக்கொண்டால், அடுத்தவர் மெஷினில் உட்காரும்போதும் திண்டாட வேண்டியதில்லை. போட்டதை ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.

மூன்றாவது, மணிக்கட்டு வலித்தால் டாக்டரைப் பாருங்கள். அடுக்கு மருந்து இல்லை.

நான்காவது, தமிழ்99-ஐக் கற்றுக்கொள்ளுங்கள். போனில் செல்லினம் போன்ற செயலிகளிலும் அது இருக்கிறது. நம் எழுத்தை அடிக்க இன்னொரு மொழியின் எழுத்துக்கூட்டு வழியாக ஏன் சுற்றிப் போக வேண்டும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள், சங்கத்துக்கும் கல்லூரிக்கும். என் நண்பருக்குப் பட்டன் போல் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. இடக்கை இல்லாதவருக்குக் கண்ணாடி மறுபக்கம் திரும்ப வேண்டும். இரண்டு விரல் மட்டும் அசைகிறவருக்கு வேறு மாதிரி வேண்டும். கை நடுங்குகிறவருக்கு அந்த 200 என்ற எண் 500 ஆக வேண்டும். இத்தனை விதம் செய்து கடையில் விற்க எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரால் ஒரு மாதத்தில் செய்ய முடியும். ஆண்டுதோறும் இறுதியாண்டு புராஜெக்ட் என்று எத்தனையோ செய்து அலமாரியில் வைக்கிறோம். அவற்றில் இரண்டே இரண்டு, பெயர் தெரிந்த ஒரு மனிதருக்காக, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலைப் பார்த்துச் செய்யப்படட்டும். பொருள் செலவைச் சங்கம் ஏற்கட்டும். என் பேட்ச் சார்பில் முதல் ஐந்து பலகைக்கான செலவை இன்றே தருகிறோம். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு சனிக்கிழமை நான் வந்து லேபில் உட்காருகிறேன்.

உங்கள் தெருவில், உங்கள் உறவில் அப்படி ஒருவர் இருந்தால், இன்று போவதற்குள் துறைத் தலைவர் மேசையில் வைத்திருக்கும் நோட்டில் ஊர்ப் பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள். இரண்டு பக்கம் நிறைந்தால் போதும், அடுத்த ஜூனில் வேலையைத் தொடங்கிவிடலாம்.